கைக்கு அடங்காத கிளட்ச்

வண்டி கீழே விழுந்ததைக்கூட அவன் மறந்திருப்பான். அவள் சிரித்ததைத்தான் மறக்கவில்லை.

நடந்தது ஒரு பெட்ரோல் பங்கில். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் அது. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, டாங்க் நிறையப் பெட்ரோல். அவன் காலை ஊன்றிய இடத்தில் எண்ணெய் சிந்தியிருந்தது. தூக்கம் வந்த எருமை மாதிரி வண்டி நிதானமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அவனும் கூடவே படுத்தான். அடி ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவளே சிரிக்கிறாளே என்ற தைரியத்தில் கூட வந்த பயணக் குழுவும் சிரித்தது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கே, போகும் வழியில் மலையிறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. "நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டு வாங்கி, அத்தனை வளைவுகளையும் அவள்தான் இறக்கினாள். அடிவாரத்தில் குழுவின் தலைவர், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் பல் டாக்டர், ஹெல்மெட்டைக் கழற்றியபடி, "இந்த வண்டிக்கு நிஜ டிரைவர் யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சு போச்சுப்பா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

அவளை எல்லோரும் டீச்சர் என்பார்கள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சொல்லப்போனால் அவள் கணவனும் அவளிடம் ஓட்டப் படித்தவன்தான். டைல்ஸ் ஷோரூமில் மேனேஜராக இருந்தவன், வகுப்பு முடிந்த பிறகும் சந்தேகம் கேட்க வந்துகொண்டே இருந்தான். கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது. கார் பழகின நாளில் 'நீங்க' என்று ஆரம்பித்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் அதை மாற்றவில்லை. வண்டியை இருவரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். போகும்போது அவன், வரும்போது அவள் என்று பேச்சு.

பெட்ரோல் பங்க் சம்பவத்துக்குப் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிப்போனது. "சாப்பாடு ஆச்சா?" "ம்." "சாவி எங்க?" "அங்க." இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் சொன்னான்: "வண்டியை ஒர்க்ஷாப்புல விட்டிருக்கேன். எஞ்சினை மாத்தறேன்."

"எஞ்சினுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. போதல. பெரிய சிலிண்டர், பெரிய பிஸ்டன், புது கேம் ஷாஃப்ட். எல்லாம் ஒரே கிட்டா வருது. அதுக்கேத்த கிளட்ச்சும் போடறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே? பாடம் எடுத்திருப்பே."

கதவு சாத்திக்கொண்டது. அவன் பேச்சுக்குள் இருந்த வன்மம் அவளுக்கு அப்போது முழுதாகப் பிடிபடவில்லை. வேகப் பைத்தியம் தலைக்கேறிவிட்டது, இறங்கிவிடும் என்றுதான் நினைத்தாள்.

வண்டி திரும்பி வந்த அன்று தெருவே எட்டிப் பார்த்தது. முன்பு கரகரவென்று பேசிய எஞ்சின் இப்போது அடித்தொண்டையில் உறுமியது. மாடிவீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டியபடி பால்கனிக்கே வந்துவிட்டார். அவன் இறங்கி, சாவியை அவள் கையில் வைத்தான். எஞ்சின் மாற்றுவதற்கு ஒரு வார்த்தை கேட்காதவன் சாவியை மட்டும் தானாகத் தருகிறானே என்று அவள் அப்போதே யோசித்திருக்க வேண்டும். "ஓட்டிப் பாரேன், டீச்சர்" என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்து கிளட்ச் லிவரைப் பிடித்தாள். அது வரவில்லை. நான்கு விரலையும் போட்டு இழுத்தாள். பாதி வந்தது. பல்லைக் கடித்து இழுத்ததில் முழங்கை வரை நரம்பு புடைத்தது. எப்படியோ கியர் விழுந்தது. விடும்போது மெதுவாக விட விரல்களில் தெம்பு மிச்சமில்லை. லிவர் கையை உதறிக்கொண்டு பாய்ந்தது. வண்டி கழுதை உதைப்பதுபோல ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. இன்னொரு முறை. மறுபடியும் துள்ளி அணைந்தது. மாடியிலிருந்து, "மெதுவாம்மா, மெதுவா" என்று குரல் வந்தது. ஊரில் பாதிப்பேருக்கு 'மெதுவா, மெதுவா' என்று சொல்லிக்கொடுத்தவளுக்கு!

அவன் கேட்டில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "அது உன் டிரைவிங் ஸ்கூல் கார் இல்ல. இதுக்குக் கையில வலு வேணும்" என்றான். முகத்தில் சிரிப்பு. வாய்விட்டுக்கூட இல்லை, உதட்டோரமாக ஒரு சிரிப்பு.

அன்றிலிருந்து ஹாலில் ஒரு புது சத்தம் சேர்ந்துகொண்டது. கையில் வைத்து அமுக்குகிற ஸ்பிரிங் ஒன்றை வாங்கி வந்திருந்தான். டி.வி. பார்த்தபடி கிறீச், கிறீச் என்று அமுக்கிக்கொண்டே இருந்தான். அவனுக்கே அந்த கிளட்ச் கஷ்டம்தான். சிக்னலுக்குச் சிக்னல் இடது கையை உதறுவதை அவள் பின்சீட்டிலிருந்து பார்த்திருந்தாள். ஆனால் வாயைத் திறப்பானா? அந்தக் கிறீச் சத்தம் கேட்டால் அவளுக்குப் பல் கூசியது. கேட்கவேண்டும் என்பதற்காகவே அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அமுக்கினான்.

புது எஞ்சினுக்கு முதல் ஆயில் மாற்றும் நாள் வந்தது. காலையில் அவன் வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனான். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் டீச்சர் அங்கே போய் நின்றாள். கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினால் இலகுவாகுமா என்று கேட்கத்தான் போனாள். வேறு எண்ணமில்லை.

மெக்கானிக்குக்கு சைலன்சர் என்று பட்டப்பெயர். அவன் வாய்க்கு அது கிடையாது என்பதால் வைத்தது. ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லுவான்.

"கேபிள்ல ஒண்ணும் இல்லக்கா. உள்ள போட்டிருக்கற ஸ்பிரிங் அப்படி. அது ரேஸ் ஓட்டறவங்களுக்கு. டிராக்ல விரட்டறப்போ பிளேட் வழுக்கக் கூடாதுல்ல, அதுக்கு. ரோட்டுல ஓட்டறதுக்குன்னு சாதா ஸ்பிரிங் செட்டும் கிட்டோடவே வந்துச்சு. இந்த எஞ்சினுக்கு அதுவே தாராளம். நான் சொன்னேன், சார்தான்…"

டக்கென்று நிறுத்தினான். சைலன்சர் பேச்சை நிறுத்துவது சூரியன் மேற்கே உதிக்கிற காரியம்.

"சார் என்ன சொன்னாரு?"

"விடுங்கக்கா. டீ சொல்லட்டுமா?"

"டீயெல்லாம் இருக்கட்டும். என்ன சொன்னாரு?"

அவன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "'கெட்டியானதையே போடு. வீட்டுல வேற யாரும் தொடாம இருக்கும்'னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாருக்கா. தமாஷா இருக்கும்."

அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. தெருவில் வண்டி துள்ளி நின்றது, மாடிவீட்டுக்காரரின் 'மெதுவாம்மா', கேட்டில் அந்த உதட்டோரச் சிரிப்பு, எல்லாமே முன்கூட்டியே வாங்கிப் பொருத்தப்பட்டவை. அவளுடைய கையை நினைத்து, அவளுடைய கைக்கு அடங்கக்கூடாது என்றே எடுத்த ஸ்பிரிங்.

"அந்த சாதா செட்டு எங்க?"

"அக்கா, வேணாம். சார் சொல்லாம நான் கை வெச்சா என் பொழப்பு போயிடும்."

"நீ வைக்க வேணாம். நான் வைக்கறேன். வண்டியில எனக்கும் பாதி உண்டு. என் பாதியை நான் கழட்டறேன்."

சைலன்சர் கொஞ்ச நேரம் தவித்தான். பிறகு ஒரு பொட்டலத்தையும் ஸ்பானரையும் பெஞ்சில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். "நான் எதையும் பாக்கல. எதையும் தொடல. நான்பாட்டுக்குச் சுவத்தோட பேசிக்கிட்டிருக்கேன். ஏ சுவரே, சைடு ஸ்டாண்டுல இடது பக்கம் சாஞ்சிருந்தா கிளட்ச் கவரைத் திறந்தாலும் ஆயில் கொட்டாது. போல்ட்டை ஒரே பக்கமா கழட்டக் கூடாது, குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா இளக்கணும். பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துட்டு புதுசு வைக்கணும். கேக்குதா சுவரே?"

"கேக்குது" என்றாள் டீச்சர். நகக்கண் எல்லாம் கறுப்பாக, மத்தியான வகுப்புக்குத் தாமதமாக, முதல் முறையாக ஒரு வண்டியின் வயிற்றுக்குள் கையை விட்டாள். கடைசி போல்ட்டை இறுக்கி முடித்து லிவரைப் பிடித்தபோது, அது இரண்டு விரலுக்கு வந்தது. கெட்டி ஸ்பிரிங்குகளைப் பொட்டலத்தில் கட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அவன் கண்டுபிடித்துவிடுவான், வீடு ரணகளமாகும் என்று அவள் தயாராக இருந்தாள். அவன் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தான். இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பழகிடுச்சு" என்றான், அவளிடம் இல்லை, கையிடம். பிறகு உட்கார்ந்து கிறீச், கிறீச் என்று இரண்டு மடங்கு உற்சாகத்தோடு அமுக்க ஆரம்பித்தான்.

அவள் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்து மூச்சுத் திணறியது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெருவில் நடந்ததற்குத் தெருவில்தான் பதில் சொல்லவேண்டும் என்று அவளுக்குள் ஒன்று கல்லாகியிருந்தது.

குழுவின் அடுத்த பயணம் மலைக்கு. ஏறும்போது அவன் ஓட்டினான். அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். உச்சியில் ஒரு டீக்கடை, எதிரே பள்ளத்தாக்கு. எல்லோரும் ஹெல்மெட்டை மேசையில் அடுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"என்னம்மா, இந்தத் தடவை உன் டர்ன் கிடையாதா?" என்றார் கேப்டன்.

அவன் முந்திக்கொண்டான். "புது கிளட்ச் கேப்டன். அவ கைக்கு அடங்காது. எனக்கே பழகறதுக்கு உயிர் போச்சு. தினம் எக்சர்சைஸ் பண்றேன்னா பாத்துக்குங்க." முழங்கையை மடக்கிக் காட்டினான்.

டீச்சர் எழுந்து மேசையிலிருந்த சாவியை எடுத்தாள்.

"ஏய், வேணாம். கீழே போட்டுக்காதே" என்றான். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இந்தக் கடை கேட்டைத் தாண்டமாட்டா, பாருங்க" என்றான்.

அவள் இரண்டே விரலால் கிளட்சை இழுத்தாள். கியர் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கேட்டைத் தாண்டி, சாலையில் ஏறி, முதல் வளைவிலிருந்து நிமிர்ந்து ஆக்ஸிலேட்டரைத் திருகினாள். பழைய எஞ்சின் ஏற்றத்தில் கெஞ்ச வைக்கும். இது கேட்பதற்கு முன்பே கொடுத்தது. முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது; மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவன்மேல் அத்தனை ஆத்திரத்தை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவிக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினாள். கேப்டன் டீயை உறிஞ்சினார். அவன் விறுவிறுவென்று வந்து லிவரைப் பிடித்து இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான்.

"என்ன பண்ணினே?"

"ஸ்பிரிங்கை மாத்தினேன். நீ வேணாம்னு ஒதுக்கின செட்டு. ஆயில் மாத்தின நாள்லேர்ந்து நீ அதுலதான் ஓட்டிட்டிருக்கே."

'நீ' என்று வந்துவிட்டது. அவளே எதிர்பார்க்கவில்லை. இருவருக்குமே அது கேட்டது. பின்னால் யாரோ "எக்சர்சைஸ்" என்று முணுமுணுக்க, ஒரு சிரிப்பு அடக்கமுடியாமல் வெடித்தது.

அவன் முகம் வெளுத்தது. அவளைக் கடையின் பின்பக்கம் அழைத்துப்போனான். "என்னைக் கேக்காம என் வண்டியில கை வெச்சியா?"

"'என் வண்டி.' சொல்லு, இன்னொரு தடவை சொல்லு. 'வீட்டுல வேற யாரும் தொடாம இருக்கும்'னு ஸ்பிரிங் வாங்கிப் போட்டவன்தானே நீ? தெருவுல என்னை நிக்கவெச்சு டீ குடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தே."

"நீ மட்டும்? பங்க்ல ஊரோட சேர்ந்து சிரிக்கலையா?"

"சிரிச்சேன். சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். நீ பண்ணினது அப்படியா? உக்காந்து யோசிச்சுப் பண்ணினே."

"ஆமா, யோசிச்சுத்தான் பண்ணினேன்!" என்று கத்தினான். "நான் கார் ஓட்டினா பக்கத்துல உன் கால் தானா பிரேக்கைத் தேடுது. கேஸை மூடினேனான்னு நீ இன்னொருக்கா போய்ப் பாக்கறே. பூட்டின பூட்டை இழுத்துப் பாக்கறே. எங்க போனாலும் நீ டீச்சர், நான் ஃபெயிலான பையன். ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன். தப்பா?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பியா?"

மாட்டேன் என்பதுதான் உண்மை. அதை அவனிடம் சொல்ல அவள் தயாராக இல்லை. கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இந்தா உன் ஸ்பிரிங். வேணும்னா மறுபடி போட்டுக்கோ. ஆனா நீயே கழட்டி நீயே மாட்டு. அந்த ஒர்க்ஷாப் ஆளை இதுக்குள்ள இழுக்காதே."

இறங்கும்போது அவள்தான் ஓட்டினாள். வேறு வழியில்லாமல் அவன் பின்னால் ஏறினான். அவள்மேல் கை படாமல், பின்பெட்டிக்கு முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான். இருவர் ஹெல்மெட்டிலும் பேசுகிற கருவி இருந்தது, யாரும் அணைக்கவில்லை. நீண்ட நேரம் மூச்சு மட்டும் கேட்டது.

ஒரு கொண்டைஊசி வளைவில், "கியரைக் குறை" என்றான்.

"தெரியும். மூடு."

குறைத்தாள். எஞ்சின் சுருதியை ஏற்றி வண்டியை இழுத்துப் பிடித்து வளைவுக்குள் இறக்கிவிட்டது. இவ்வளவு கனத்தை எவ்வளவு லாவகமாகத் தாங்குகிறது! எந்த பிஸ்டன், எந்த கேம் என்று நாள்கணக்கில் தேடித்தான் எடுத்திருப்பான். நல்ல எஞ்சின் என்று அவளுக்குச் சொல்லவேண்டும்போல இருந்தது. அதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

அவள் சொல்லவில்லை. அடிவாரம் வந்ததும் அவன் இறங்கி, பொட்டலத்தோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். அவள் கூப்பிடவும் இல்லை.