சிவப்புக் கோடு விழுந்த கடல்

கிருபாவுக்குக் கடலைக் கண்டாலே தலை சுற்றும். ஆனாலும் அவள் சம்பளம் வாங்கியது கடலின் சூட்டைச் சரிபார்த்துத்தான். சேலையூரில் வீடு, தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் ஆபீஸ். சரக்குக் கப்பல்களில் ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் கடல் தண்ணீரை வாளியில் மொண்டு, சூடு பார்த்து, பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த எண்களைச் சரிபார்த்து ஏற்றுவது அவள் வேலை. கடல் வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுகிறது, மழை அதோடு எப்படி மாறுகிறது என்று பெரிய படிப்பு படித்தவர்கள் அதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

அப்படி எழுதுகிற கப்பல் அதிகாரிகளில் ஒருவர் அவள் புருஷன் எட்மண்ட். கடிதம் வருகிறதோ இல்லையோ, பதிவேடு வந்துவிடும். ஏழுக்குக் குறுக்கே கோடு போடும் அந்தக் கையெழுத்தைக் கண்டால் அவளுக்கு மத்தியானச் சாப்பாடு மறந்துபோகும். லீவில் வந்தால் மனிதர் வீட்டிலும் சும்மா இருக்கமாட்டார். வெந்நீர் அண்டாவில் கையை விட்டு, "முப்பத்தொன்பது" என்பார். "எழுதிக்கிட்டேன் சார்" என்று அவள் காற்றில் எழுதிக் காட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து லீவு நாளெல்லாம் இந்தக் கூத்துதான். எவ்வளவு நல்ல காலைகள் அவை.

எண்பத்துமூன்றின் தொடக்கத்தில் வந்த பதிவேட்டில்தான் வினை. முந்தைய டிசம்பரில், பெரு நாட்டுக் கரையோரம், எட்மண்ட் எழுதியிருந்தது இருபத்தெட்டு டிகிரி. அங்கே அந்த மாதம் வழக்கமாக இருபத்திரண்டுதான் இருக்கும். வழக்கத்திலிருந்து ரொம்ப விலகினால் சிவப்புக் கோடு போட்டுத் தள்ளிவிட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. புருஷனுக்குச் சலுகை காட்டினாள் என்று பேச்சு வரக்கூடாதே. பதினோரு நாள் எண்களையும் ஸ்கேல் வைத்து அடித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. எட்மண்ட் லீவில் வந்திருந்த ஈஸ்டர் விருந்தில், சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

"இவரு வாளியை வெயில்ல வெச்சிட்டு டீ குடிக்கப் போயிருக்காரு. ஆறு டிகிரி ஏறிடுச்சு. அத்தனையும் அடிச்சுத் தள்ளிட்டேன்."

வீடே சிரித்தது. அவள் அண்ணன் ஜெபராஜுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"நான் அப்படிச் செய்வேனா, கிருபா?" என்று மட்டும் கேட்டார் எட்மண்ட்.

"பின்னே, கடல் தானா சூடாகுமா?"

மறுநாள் அவர் அண்டாவில் கை விடவில்லை. நேராகக் குளித்துவிட்டு வந்தார். அன்றைக்கு நின்றதுதான் அந்த விளையாட்டு. சண்டையில்லை, பேச்சு வார்த்தை குறையவில்லை. கப்பலை விட்டு ஒரேயடியாக இறங்கி வீட்டோடு வந்த பிறகும் வெந்நீரின் சூட்டை அவர் வாயால் அவள் கேட்கவில்லை.

அந்த வருஷம் பசிபிக் நிஜமாகவே சூடேறியிருந்தது என்று பிற்பாடு ஆபீஸில் பேச்சு அடிபட்டபோதே அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பழைய பதிவேட்டுக் கட்டைப் பிரித்தால் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். காதில் விழாததுபோல் இருந்துவிட்டாள்.

தொண்ணூற்றேழு நவம்பரில், தாம்பரம் முழுக்க மழைத் தண்ணீர் நின்ற ஒரு நாள், அதிகாரி தோத்தாத்ரி அவள் மேஜைக்கே வந்தார்.

"பசிபிக் மறுபடி சூடாயிருக்கு மேடம். எண்பத்திரண்டோட ஒப்பிடணும். அப்ப நாம தள்ளினதெல்லாம் திரும்ப ஏத்தணும்."

கட்டைப் பிரித்தாள். மேலேயே எட்மண்டின் பதிவேடு. ஓரத்தில் குறிப்புக்கென்று ஒரு பத்தி உண்டு. எண்கள் மட்டுமே வேண்டும் என்பதால் அதை யாரும் படிப்பதில்லை. அதில் பொடி எழுத்தில் இருந்தது: 'மூன்று முறை மொண்டு பார்த்தேன். வாளி நிழலில் இருந்தது. வேறு தெர்மாமீட்டரிலும் இதே அளவு. தயவுசெய்து தள்ள வேண்டாம்.' பதினோரு நாளும் அதையே எழுதியிருந்தார்.

கிருபா மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக ஏற்றினாள்.

சாயங்காலம் தொப்பலாக நனைந்து வீடு சேர்ந்தாள்.

"வெந்நீர் போட்டிருக்கேன், முதல்ல தலைக்கு ஊத்து," என்றார் எட்மண்ட்.

அவள் அண்டா பக்கத்தில் நின்றாள்.

"பெரு பதிவேட்டை இன்னிக்குப் பிரிச்சேங்க. ஓரத்துல எழுதினதையும் படிச்சேன். நீங்க எழுதினதுதான் சரி. ஸ்டேஷன் பூத்துலேர்ந்து ஜெபராஜ் அண்ணனுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் வரேன்."

எட்மண்ட் சட்டைக் கையை மடித்தார். அண்டாவுக்குள் கையை விட்டு, வேண்டியதைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

"நாப்பத்தொண்ணு," என்றார்.

"எழுதிக்கிட்டேன் சார்," என்று கிருபா காற்றில் எழுதினாள்.