மஞ்சள் ஒயர்

டயர் கடைக்குப் பின்னால் தகர ஷெட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிறவளை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். பஸ் டெப்போவில் இருபது வருஷம் வேலை பார்த்தவள், அம்மா படுக்கையில் விழுந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று இந்த ஷெட்டைப் பிடித்தாள். அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். "சாப்டியா? உடம்பு நல்லாருக்கா? சரி, வெச்சிடறேன்." மற்ற நாட்களில் வருகிறவர்கள் சாவியை நீட்டி, "எப்ப வரட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கண்ணாடியம்மா மட்டும் போகவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பழைய வேன் ஒன்றை ஷெட்டுக்குள் விட்டு இறங்கினாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வேனின் பின்பக்கம் முழுக்க இழுப்பறைகள், அவற்றில் மூக்குக்கண்ணாடி ஃபிரேம்கள். ஒரு கோடியில் எழுத்துப் பலகை, மறு கோடியில் ஸ்டூல். முதியோர் இல்லங்களுக்கும் மலைக்கு அந்தப்பக்கத்துச் சின்ன ஊர்களுக்கும் போய், கண் பார்த்துக் கண்ணாடி செய்து கொடுப்பது அவள் தொழில்.

"வழி காட்டுற பெட்டி வாங்கியிருக்கேங்க. டேஷ்போர்டுக்குள்ளயே பதிச்சுக் குடுங்க. மலை தாண்டுனா போன் செத்துப்போகுது. இது நேரா சாட்டிலைட்டைப் பாத்தே வழி சொல்லுமாம்."

"வண்டிக்கு என்ன வயசு?"

"என் பொண்ணைவிட ரெண்டு வருஷம் பெருசு. அவளுக்கே புள்ளை ஸ்கூலுக்குப் போகுது."

ஒயரக்கா டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தாள். பழைய ரேடியோ இருந்த இடம் போதாது. சாம்பல் கிண்ணத்தை எடுத்துவிட்டுக் கீழே அறுக்க வேண்டும். "ரெண்டு நாள் ஆகும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"எங்க போறது? வண்டிதான் என் கடையே." கண்ணாடியம்மா ஸ்டூலை இறக்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வேனில் எல்லா ஒயரும் பழசாகி வெளுத்து ஒரே மண் நிறமாக இருந்தன. எது எங்கே போகிறது என்று டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒயரக்கா ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கண்ணாடியம்மா பேசிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு பெரியவருக்கு முதல் தடவையா சரியான பவர்ல கண்ணாடி மாட்டிவிட்டேன். பொண்டாட்டியை ஏற இறங்கப் பாத்துட்டு, 'உனக்கு எப்படி இவ்வளவு வயசாச்சு?'ங்கிறாரு. அந்தம்மா என்னைப் பாத்து, 'முதல்ல அதைக் கழட்டும்மா'ன்னு கத்துது."

ஒயரக்கா சிரித்த சிரிப்பில் தலை பெடல் கம்பியில் இடித்துக்கொண்டது. தகரக் கூரையில் பட்டுத் திரும்பிய அந்தச் சிரிப்பு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஊரே உன்னை அக்காங்குது. உனக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு."

"நல்ல கதை! என்னைவிட ஏழு வயசு சின்னவளை நான் அக்கான்னு கூப்பிடணுமா? நீ எனக்குத் தங்கச்சி."

செவ்வாய்க்கிழமை மாலை பெட்டி உட்கார்ந்துவிட்டது. ஒயரக்கா இரண்டு ஒயர்களைத் தனியாகப் பிடித்துக் காட்டினாள். "இந்தச் சிவப்பு, சாவி போட்டாத்தான் உயிர் வரும். மஞ்சள் எப்பவும் பேட்டரியோடயே இருக்கணும். பெட்டிக்கு ஞாபகமே இதுலதான். இது விட்டுப்போனா நீங்க குறிச்சு வெச்ச இடமெல்லாம் அழிஞ்சிடும்."

கண்ணாடியம்மாவுக்குக் குறிக்க முப்பத்தெட்டு இடங்கள் இருந்தன. பாதி வீடுகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. வேப்பமரத்துக்கு எதிர்ச்சந்து, மூடிய மில்லுக்குப் பின்னால் என்றுதான் அடையாளம். ஒவ்வொன்றாக வரைபடத்தில் விரல் வைத்துக் குறித்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

புதன்கிழமை ஒயரக்கா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். ஸ்டூல் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் டிவியைப் போட்டுவிட்டுச் சமைத்தாள். என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து வேன் திரும்பி வந்தது. "தங்கச்சி, உன் பெட்டி எல்லாத்தையும் மறந்துடுச்சு!" பார்த்தால் மஞ்சள் ஒயர் வரும் பழைய ஃபியூஸ் பிடி துருவேறி இற்றுப்போயிருந்தது. மாற்றுவதற்குப் பத்து நிமிஷம் போதும். ஒயரக்கா இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். டீ வாங்கி வந்தாள். கண்ணாடியம்மா தன் பேத்தியின் பிடிவாதம், வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்த பூனை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முப்பத்தெட்டு இடங்களையும் மறுபடி குறித்தாள்.

கடைசியில் டேஷ்போர்டை மூடும்போது ஒயரக்காவின் கையில் மஞ்சள் ஒயரின் கனெக்டர் இருந்தது. அதை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். அவள் பாதி அழுத்தினாள். சத்தம் வரவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது வேகத்தடையில் ஏறி இறங்கினால் கழன்றுவிடும், ஒரு வாரத்தில் திரும்பி வருவாள், அவ்வளவுதானே என்று நினைத்தாள். மூடியை வைத்து ஸ்க்ரூவை முடுக்கினாள். இருபத்தைந்து வருஷத்தில் தெரிந்தே செய்த ஒரே மோசமான வேலை அது.

ஒரு வாரம் ஆனது. அதற்கு மேலும் நாலு நாள் ஆயின. டயர் கடைக்காரர் எந்த வண்டிக்குக் காற்று அடித்தாலும் அவள் எட்டிப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் வேன் வந்தபோது அதன் ஒரு பக்கம் நெடுகக் கீறியிருந்தது. கண்ணாடியம்மா இறங்கினாள். ஸ்டூலை இறக்கவில்லை.

"மலைல ஏறும்போது, நல்ல பனிமூட்டம். வண்டி குலுங்குச்சு, பெட்டி அணைஞ்சுபோச்சு. திரும்ப உயிர் வந்து, புதுப் பெட்டி மாதிரி எந்த மொழி வேணும்னு கேக்குது. எனக்கு மொழியா வேணும்? வழியில்ல வேணும்? பழைய கல்குவாரிப் பாதையில போய் மாட்டிக்கிட்டேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்லை. திருப்பவும் முடியல. நாலு மணி நேரம் ஹாரனை அடிச்சுட்டே உக்காந்திருந்தேன் தங்கச்சி. லாரிக்காரங்க ரெண்டு பேர் வந்து பின்னாடியே நடந்து வழி சொல்லி வண்டியை ரிவர்ஸ்ல எடுக்க வெச்சாங்க." உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "முதியோர் இல்லத்துல ஒரு பெரியவர் கண்ணாடிக்காகக் காலைல இருந்து கேட்டுலயே உக்காந்திருந்தாராம். வராதவளுக்காக."

ஒயரக்கா டேஷ்போர்டைத் திறந்தாள். கனெக்டர் கழன்று தொங்கியது. "குலுங்கினதுல கழண்டிருக்கு" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான் சரியா மாட்டல" என்றாள்.

"வேலைன்னா தப்பு வர்றதுதான்."

"தப்பு இல்லக்கா. தெரிஞ்சேதான் மாட்டாம விட்டேன். திரும்பி வருவீங்கன்னு."

கண்ணாடியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் வெளிறியது. வேனைப் பார்த்தாள், அந்தக் கீறலைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றாள். "எனக்கு வேலை இருக்கு."

'நீ' போய் 'நீங்க' வந்ததை ஒயரக்கா கவனித்தாள். கனெக்டரை 'டிக்' என்று அழுத்தி, டேப் சுற்றி, கம்பியால் கட்டினாள். கண்ணாடியம்மா ஷெட்டுக்கு வெளியே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். இடங்களை அவள் எங்கே உட்கார்ந்து மறுபடி குறித்தாளோ தெரியவில்லை.

அதன் பிறகு ஒயரக்கா மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதி, அனுப்பாமல் அழித்தாள். வண்டிகள் வந்தன, போயின. அவள் ஒவ்வொரு கனெக்டரையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் அந்தப் பெரியவர் காத்திருந்த முதியோர் இல்லத்து ஆபீசுக்குப் போன் செய்து, கண் பார்க்கும் வேன் என்றைக்கு வரும் என்று கேட்டாள். அன்றைக்கு ஷெட்டைப் பூட்டிவிட்டு மூன்று பஸ் மாறிப் போனாள். மலை வளைவுகளில் பஸ் திரும்பியபோது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை.

இல்லத்து முற்றத்தில் வேன் நின்றது. கீறல் இன்னும் அப்படியே இருந்தது. ஏழெட்டு முதியவர்கள் வரிசையில் இருந்தார்கள். கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வந்து வேனுக்குள் ஏறியபோது பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள்.

"அடுத்தவங்க" என்று தலை நிமிர்த்திய கண்ணாடியம்மா, அவளைப் பார்த்ததும் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். பிறகு ஸ்டூலைக் காட்டினாள்.

"கிட்டத்து எழுத்து தெரியலையா?"

"ஆமா. ஃபியூஸ்ல போட்டிருக்கிற நம்பர்கூட மங்கலா இருக்கு."

கண்ணாடியம்மா சோதனைக் கண்ணாடியை மாட்டி, வட்டவட்டமான லென்ஸ்களைப் போட்டு எடுத்தாள். இது தெளிவா, அதுவா? இதுவா, முன்னாடி போட்டதா? அவள் விரல்கள் நெற்றியில் பட்டபோது ஒயரக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடியம்மா திறக்கச் சொன்னாள்.

அளவை எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள் கண்ணாடியம்மா.

"அன்னைக்கு அந்தப் பாதையில நான் செத்திருப்பேன்."

"தெரியும்க்கா."

"உனக்குத் தெரியாது." வெளியே யாரோ இருமினார்கள். அவள் லென்ஸ் பெட்டியை மூடினாள். "உன் ஷெட்டுல அத்தனை மணி நேரம் உக்காந்து நான் பாட்டுக்குப் பேசியிருக்கேன். வயசைத் தவிர உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. வீட்டுல யார் இருக்கா?"

"யாரும் இல்லக்கா."

"எப்ப இருந்து?"

ஒயரக்கா சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் கடைசியில் வாய் பேச முடியாமல் போனது, மணி அடித்துத்தான் கூப்பிடுவாள் என்பது, அந்த மணியை இன்னும் எடுத்து உள்ளே வைக்காதது. யாரிடமும் சொல்லாததால் எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் முன்னும் பின்னுமாகச் சொன்னாள். கண்ணாடியம்மா குறுக்கே பேசவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

"என்னம்மா, நாங்கெல்லாம் நிக்கவா, போகவா?" என்று வெளியே ஒரு பெரியவர் கேட்டார்.

"கண்ணாடி பதினைஞ்சு நாள்ல வரும்" என்றாள் கண்ணாடியம்மா. "தபால்ல அனுப்பவா?"

"நானே இங்க வந்து வாங்கிக்கிறேன்."

கண்ணாடியம்மா ரசீதில், அடுத்து இங்கே வரும் தேதியை எழுதிக் கொடுத்தாள். ஒயரக்கா வேனிலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ரசீதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள்.