முப்பத்தோராம் அத்தியாயம்

அந்த நாவலை எழுதிய ஆள் மட்டும் கையில் கிடைத்திருந்தால் அறிவுச்செல்வி அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். ஹாரியட் என்கிற பெண் பனிமலை ஏறி, கூட வந்தவர்களையெல்லாம் பறிகொடுத்து, முதுகுக்குப் பின்னால் ஓநாய்க் கூட்டம் துரத்த, பாதாள நகரத்தின் இரும்புக் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அந்தப் பக்கம் அவளுடைய அப்பா சிறையில் கிடக்கிறார். சாவி அவள் கையில் இருக்கிறது. திறக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த இடத்தில் எழுத்தாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, 'அன்பான வாசகரே, கதவு திறக்கும் முன் இந்தக் கதவு உண்டான வரலாற்றைத் தாங்கள் அறிந்துகொள்வது நலம்' என்று ஆரம்பிக்கிறார். ஆரம்பித்தவர் நாற்பது பக்கத்துக்கு நிறுத்தவில்லை. இரும்பு வெட்டிய சுரங்கம், சுரங்கத்துக்குச் சொந்தக்காரரான சீமான், சீமானுக்கும் அவர் தம்பிக்கும் நடந்த வழக்கு. அதுவரை ஓநாய்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அந்த மனிதருக்குக் கவலையே இல்லை.

இத்தனைக்கும் அது பழைய புத்தகம்கூட இல்லை. யாரோ இந்தக் காலத்து ஆள், நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய துரைமார் மாதிரி எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியது. தலையணை கனம் இருக்கும். 'இதில் ஹாரியட் பறக்கும் கப்பலில் ஏறுவதும், சமையல்காரனின் துரோகமும், ஒரு குதிரையின் மரணமும் சொல்லப்படும்' என்று நடக்கப்போவதை முன்கூட்டியே போட்டு உடைக்கிற தலைப்பு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் உண்டு. சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதைக் கடையில் செல்வி அதை வாங்கினாள். அவள் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். திருச்செங்கோட்டுப் பக்கம் கல்யாணமாகி வந்த பிறகு அந்தப் படிப்புக்குக் கிடைத்த ஒரே உபயோகம், மாமியாரின் மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்வது. அந்த எரிச்சலில் வாங்கியதுதான்.

ஆனால் உள்ளே போனவளுக்கு வெளியே வர மனமில்லை. சின்னப் புத்தகம் விருந்தாளி மாதிரி, வந்த கையோடு கிளம்பிவிடும். இது வீட்டுக்குக் குடியே வந்துவிட்டது. மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதும் ஹாரியட் பக்கத்தில் நின்றாள். சோறு வடிக்கும்போது பறக்கும் கப்பல் தலைக்கு மேலே போயிற்று. இழுத்தடிக்கிறாரே பாவி மனுஷன் என்று திட்டிக்கொண்டே, மிச்சம் எத்தனை பக்கம் இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, இன்னும் நிறைய இருக்கிறது என்று நிம்மதி அடைவாள்.

அவள் புருஷன் கண்ணுசாமி ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடுகிற வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போனானென்றால் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவான். தினமும் போனில் பேசுவான். சாப்பிட்டாயா, அம்மா சாப்பிட்டாங்களா, அங்கே மழை உண்டா. அவ்வளவுதான் பேச்சு. ஐந்து வருடக் கல்யாணத்தில் இதற்கு மேல் இருவருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை. ஒருநாள் மழையும் இல்லை, சொல்ல வேறொன்றும் இல்லை என்றபோது, செல்வி சும்மா ஹாரியட்டின் முதல் அத்தியாயத்தைச் சொன்னாள். மறுநாள் அவனே கேட்டான்.

"அந்தப் புள்ள கப்பல் ஏறுச்சா?"

அதிலிருந்து அத்தியாயம் அத்தியாயமாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப ஆரம்பித்தாள். கேபினில் உட்கார்ந்து காதில் மாட்டிக் கேட்பான். பொழுது சாய்ந்து சாப்பிடும்போது வண்டி ஆட்களுக்கு அவன் வாயால் திருப்பிச் சொல்வான். கேட்டுவிட்டு, அந்தச் சமையல்காரனை அப்போதே தீர்த்திருக்க வேண்டும் என்று ஆத்திரப்பட்டுப் போன் செய்வான். செல்விக்குச் சொல்லி மாளாத சந்தோஷம். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசுகிற வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு அந்த மாதங்களில்தான் தெரிந்தது. அதனாலேயே புத்தகம் நீளமாக இருக்கட்டும், இன்னும் நீளட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் குளிக்கையில் கைக்கு அந்தக் கட்டி தட்டுப்பட்டது. இடது மார்பில், சுண்டைக்காய் அளவு. திருச்செங்கோட்டு டாக்டரம்மா பார்த்துவிட்டு, சேலத்துக்குப் போய் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்துவிடு, தள்ளிப்போடாதே என்றார். யாரிடம் சொல்வது? மாமியார் முத்தாயம்மாள் நல்ல மனுஷிதான். ஆனால் அவர் காதில் விழுந்தால் கோயில் மைக்கில் சொன்ன மாதிரி. போனில் பேசினாலும் பக்கத்து அறையில் அவர் காது இருக்கும். இருந்தாலும் ஒருநாள் துணிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு புருஷனிடம் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"குழிக்குள்ள ராடு எறங்கிட்டிருக்குது. அம்மாகிட்டச் சொல்லு சாமி" என்று வைத்துவிட்டான்.

எழுதி அனுப்பலாம் என்றால் அவன் போன் வண்டி ஆட்கள் எல்லார் கையிலும் சுற்றும். அப்போதுதான் அவளுக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரப் பெயர் இரண்டு கேட்டால் போதும், மாமியார் காதை மூடிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். முப்பத்தோராம் அத்தியாயம் முழுக்கச் சீமான் வழக்குத்தான். அதன் நடுவில் வைத்தால் அவனுக்கு மட்டும் கேட்கும். செல்வி கதை சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"சீமானுக்கும் தம்பிக்கும் கோர்ட்டுல கேஸ் நடக்குதுங்க. அன்பான வாசகரே, இப்ப நாஞ் சொல்றது கதையில்லீங்க. எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்குது. வியாழக்கெழம சேலத்துல ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கறாங்க. பயமா இருக்குதுங்க. அன்னைக்கிக் காத்தால ஒரு போன் பண்ணுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். சரிங்க, அந்தக் கேஸு என்ன ஆச்சுன்னா..."

பயம் என்ற அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதே அவளுக்கு அதுதான் முதல் தடவை. அனுப்பிவிட்டு, காது சுட உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவன் கேட்டுவிட்டதற்கான நீல அடையாளம் வந்தது. கூடவே பதிலும் வந்தது.

'செம. கதவு தொறந்துச்சா இல்லியா? பசங்க உசுர எடுக்கறாங்க.'

அவள் அதைப் பலமுறை படித்தாள். பக்கத்தில் ஆள் இருந்திருப்பார்கள், அதனால் இப்படி எழுதியிருக்கிறான், வியாழக்கிழமை கூப்பிடுவான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் உட்கார்ந்தாள். சங்ககிரி போயிற்று, கொண்டலாம்பட்டி போயிற்று, போன் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "கூட யாரும் வரலியாம்மா?" என்று கேட்டாள். "வெளியூர்ல இருக்காருங்க" என்றாள். ஊசி வலித்தது. அதைவிட, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் உறவுக்காரர் என்று போட்டிருந்த கோடு வெறுமையாகக் கிடந்தது வலித்தது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது போன் அதிர்ந்தது. அவன்தான்.

'கதை வரலியே? நெட்டு இல்லியா?'

அந்த இடத்தில் யாராவது அவளைத் தொட்டிருந்தால் சுட்டிருக்கும்.

ரிசல்ட் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க அவள் கதை அனுப்பவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டாள். இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். ஒன்று, அவன் கேட்கவே இல்லை. இல்லை, கேட்டுவிட்டு, இவளுக்கு எப்போதும் ஏதாவது என்று விட்டுவிட்டான். எது மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதே கேள்வி, பாத்திரம் கழுவும்போதும் அதே கேள்வி. தட்டுகள் கொஞ்சம் பலமாகவே விழுந்தன.

கெட்ட கட்டி இல்லை, சாதாரணக் கொழுப்புக் கட்டிதான், பயப்படாதே என்றார் சேலத்து டாக்டர். அந்த நிம்மதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் தாங்கிற்று. இத்தனை நாளும் பயம் உட்கார்ந்திருந்த இடம் காலியானதும் கோபம் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து பையை வைத்த கையோடு அவனைக் கூப்பிட்டாள்.

"அன்னைக்கி அனுப்புனத முழுசாக் கேட்டீங்களா?"

"எது, அந்தக் கதவுதான? கேட்டனே."

"நடுவுல என்னங்க வந்துச்சு?"

"என்னமோ சீமான், கேஸுன்னு இழுத்துட்டுப் போச்சு. அதையெல்லாம் ஆரு கேக்கறது? வெரல வெச்சுத் தள்ளி உட்டுட்டேன். கடைசில பாத்தா கதவும் தொறக்கல" என்று சிரித்தான்.

செல்விக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அவளும் அந்தப் புத்தகத்தில் இரண்டு மூன்று இடங்களில் பக்கம் புரட்டித் தாண்டியவள்தான். ஆனால் அது வேறு. இவள் போன் பண்ணுவாள் என்று புத்தகத்துக்குள்ளே யாரும் பயந்துகொண்டு காத்திருக்கவில்லை.

"மறுக்காக் கேளுங்க. தள்ளாமக் கேளுங்க. அப்பறம் பேசலாம்."

"வேலை கெடக்குது சாமி."

"எனக்குந்தான் கெடந்துச்சு" என்று வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கூப்பிட்டான். எப்போதும் அவன் குரலுக்குப் பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருக்கும். இப்போது அந்தச் சத்தம் இல்லை. பாதிக் குழியில் காற்றை நிறுத்தினால் ராடு மாட்டிக்கொள்ளும், முதலாளி தோலை உரிப்பார் என்று அவனே சொல்லியிருக்கிறான். நிறுத்தியிருந்தான்.

"செல்வி, என்ன சொன்னாங்க?"

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அவள் சொல்லவில்லை.

"அடுத்த அத்தியாயத்துல இருக்குதுங்க."

"வெளையாடாத கண்ணு. சொல்லு."

"நா ஒரு வாரம் காத்திருந்தேன். நீங்க ஒரு மணி நேரம் காத்திருங்க. எங்கியாச்சும் தள்ளி உட்டீங்கன்னா அதும் போயிரும்."

முப்பத்திரண்டாம் அத்தியாயத்தைப் பிரித்தாள். எழுத்தாளர் இன்னும் கதவை விட்டு நகரவில்லை. வழக்கு முடிந்து, பூட்டு செய்த கொல்லனுக்கு வந்திருந்தார். கொல்லனுக்கு மூன்று பெண்கள். மூன்று பேருடைய வாழ்க்கையையும் ஒன்று விடாமல் எழுதி வைத்திருந்தார். செல்வி ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. நிதானமாக, தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றிற்று. அவர் மட்டும் சுருக்கமாக எழுதுகிற ஆளாக இருந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்.

கொட்டகையிலிருந்து வந்த முத்தாயம்மாள் எட்டிப் பார்த்தார். "இன்னுமா அந்தப் புள்ள கதவத் தொறக்கல?"

"இன்னும் இல்லீங்க அத்தை" என்றாள் செல்வி. அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அனுப்பிய பத்தாவது நிமிடத்தில் போன் அடித்தது. ஒரு மணி நேரக் கதையை அதற்குள் கேட்டிருக்க முடியாது. அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது வாசலில் வெயில் இறங்கியிருந்தது. எடுத்ததும் அவள் முந்திக்கொண்டாள்.

"கொல்லனுக்கு எத்தன பொண்ணுங்க?"

"மூணு."

"நடுவுலவ ஆரக் கட்டுனா?"

"மணி வார்க்கறவன் மகன."

"மூத்தவ?"

"அவ கட்டிக்கல. அப்பன் செத்ததுக்கப்பறம் அவதான் அந்தப் பூட்டச் செஞ்சு முடிச்சா." அவன் குரல் உடைந்தது. "அதுக்கப்பறம் நீ சொன்ன. ஒண்ணுமில்ல, கொழுப்புக் கட்டின்னு சொன்ன. ரெண்டு தடவ கேட்டேன் சாமி."

அவன் அழுகிறான் என்று தெரிந்தது. கோபம் அத்தோடு தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை.

"காத்தால ஒரு போன் பண்ணச் சொன்னேன். அவ்வளவுதான் கேட்டேன்."

"ஆமா."

"கூட யாரும் வரலியான்னு நர்சம்மா கேட்டாங்க. வெளியூருன்னேன்."

மன்னிப்புக் கேட்கிறேன், அடுத்த பஸ்ஸில் வாரேன் என்று ஏதாவது சொல்லியிருந்தால் அவள் வெடுக்கென்று போனை வைத்திருப்பாள். அவன் வேறொன்று கேட்டான்.

"செல்வி, இந்த அஞ்சு வருசத்துல நீ வேற என்னென்ன சொல்லி நாந் தள்ளி உட்டுட்டேன்?"

செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதுக்கு இந்தப் புஸ்தகம் பத்தாதுங்க" என்றாள்.

"பரவால்ல. சொல்லு."

பக்கத்து அறையில் முத்தாயம்மாள் இருந்தார். கேட்டால் கேட்கட்டும் என்று செல்வி சத்தமாகவே ஆரம்பித்தாள்.