ஒப்பீட்டுக் கட்டடத்துப் பெஞ்சு

"நேத்து வீட்டுக்கு வெளியே யார்கிட்டயாவது பேசினியா?" என்று ஆய்வுக்கார அக்கா ஒருமுறை அவளைக் கேட்டார்.

"இல்லக்கா. நேத்து நீங்க வரலையே," என்றாள் அவள். அக்கா சிரித்துவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்த காலம் அது. வீட்டில் அவளுக்குப் 'பூனை' என்று பெயர்; இருக்கும் இடம் தெரியாது. சித்தப்பா இறந்த பிறகு, அதே வீட்டில் இருந்த சித்தியும் அப்படித்தான் ஆகியிருந்தாள். ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை.

முன்கட்டடத்து முற்றத்தில் ஆய்வுக்காகப் பெஞ்சுகளும் மரக்கன்றுகளும் வைத்திருந்தார்கள். பூனை குடியிருந்த பின்கட்டடத்தில் ஒன்றும் கிடையாது. இரண்டு கட்டடத்து மனிதர்களையும் ஒரு வருடம் விசாரித்து, எங்கே மனசு நொடிந்துபோகிறவர்கள் குறைவு என்று பார்ப்பதுதான் ஆய்வு. "உங்களுது ஒப்பீட்டுக் கட்டடம்," என்று அக்கா விளக்கினார்.

மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் மாமாவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "ஒப்புக்குச் சப்பாணியா? ஆட்டத்துல சேத்துக்கிட்டு ஓரமா உக்கார வைக்கிறதா? உக்கார வைக்கிறதுக்காவது ஒரு பெஞ்சு வேணும்ல?"

அன்று சாயங்காலமே முன்கட்டடத்துப் பெஞ்சு ஒன்று பின்கட்டடத்துச் சுவரோரம் வந்து சேர்ந்தது.

சித்தி முதலில் ஜன்னலைத் திறந்தாள். சில நாள் கழித்துப் படி இறங்கினாள். பிறகு மாமாவின் மனைவியோடு பட்டாணி உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினாள். பூனையும் ஓரமாய் ஒட்டிக்கொண்டாள். வெயில் குடித்த அந்தப் பலகையின் இளஞ்சூடு இன்றைக்கும் அவள் நினைவில் ஆறவில்லை.

அடுத்த முறை வந்த அக்காவுக்குப் பெஞ்சைக் கண்டதும் முகம் சுண்டிப்போனது. பூனையைத் தனியே கூப்பிட்டார்.

"இதை எடுத்தாதான் ஆய்வு செல்லுபடியாகும். ஆதாரம் இல்லாம போய் பெஞ்சு போடுங்கன்னா எந்த அலுவலகமும் காதுல போட்டுக்காது. ஆதாரம் இருந்தா எல்லாக் கட்டடத்துக்கும் கேக்கலாம்."

"எடுத்தா சித்தி திரும்ப உள்ள போயிடுவாங்க."

"பெஞ்சாலதான் வெளிய வந்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? நாளாக ஆக, தானா தேறியிருக்கலாம்ல?"

நியாயமான கேள்வி என்றுதான் பூனைக்கும் பட்டது. "தெரியாதுக்கா. ஆனா எடுத்துப் பாத்துத் தெரிஞ்சுக்க வேணாம்."

அக்கா பெஞ்சை நோக்கி நடந்தார். சித்தி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காரும்மா. எப்பப் பாத்தாலும் நின்னுக்கிட்டே கேள்வி கேட்டா கால் என்னத்துக்கு ஆகும்?" என்று ஒரு கை பட்டாணியை அவர் மடியில் போட்டாள்.

அக்கா அத்தனையையும் உரித்து முடித்தார். பிறகு பேனாவை எடுத்து, தாளின் தலைப்பில் 'ஒப்பீட்டுக் கட்டடம்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'இங்கும் பெஞ்சு வந்துவிட்டது' என்று எழுதினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.