ரசிகர் ஒருவரே சொன்னது

சலூன்காரரின் கடைக்கு வருகிற பச்சைச் சட்டை டீம் ரசிகர்கள் அத்தனை பேரும் உள்ளூர்ப் பேப்பர் ஒன்றைக் கரித்துக் கொட்டினார்கள். எதிர் டீம் கோல் போட்டால் அரைப் பக்கத்துக்குப் படம். நம்ம டீம் ஜெயித்தால் வானிலைக்குக் கீழே நாலு வரி. "இவனுங்களுக்கு நம்ம மேல என்னதான் காண்டோ" என்பார் தபால்காரர். சலூன்காரர் கத்தரிக்கோலிலேயே கண்ணாக இருப்பார். அந்தப் பேப்பரின் விளையாட்டு நிருபர் அவருடைய தங்கை வீட்டுக்காரர். எல்லோருக்கும் அது தெரியும். அவர் முகத்துக்காகக் கொஞ்சம் அடக்கியே திட்டினார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது மைதானத்தில் மூன்று கேட்டுகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்தது நாலாம் கேட் மட்டும், அதுவும் ஒற்றைக் கதவு. பின்னாலிருந்து கூட்டம் நெருக்க, பூட்டியிருந்த மற்றக் கதவு கீலோடு பெயர்ந்து சாய்ந்தது. அதன் அடியில் மாட்டிக்கொண்டவர்களில் தபால்காரரும் ஒருவர். கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கதவைத் தூக்கி அவரை வெளியே இழுத்ததே சலூன்காரர்தான்.

சாயங்காலமே நிருபர் சலூன்காரர் வீட்டுக்கு வந்தார். "மச்சான், நீங்க பார்த்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க. நான் எழுதுறேன்."

சலூன்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பூட்டைச் சொன்னார், சாவிக்காரனைக் கத்திக் கூப்பிட்டதைச் சொன்னார். "யாராவது குடிச்சிருந்தாங்களா?" என்று நிருபர் கேட்டபோதும் மறைக்கவில்லை. "ரெண்டு பேர் இருந்தாங்க மாப்ள. ஆனா அவங்க பாவம், ஓரமாத்தான் நின்னாங்க."

காலையில் கடை திறந்ததும் பேப்பரைப் பிரித்தார். 'கதவை உடைத்த ரசிகர்கள்' என்று கொட்டை எழுத்து. பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசி வரி இப்படி இருந்தது: 'கூட்டத்தில் குடித்தவர்கள் இருந்ததை ரசிகர் ஒருவரே ஒப்புக்கொண்டார்.'

ஷட்டரை இறக்கிவிட்டு நேராகப் பேப்பர் ஆபீசுக்குப் போனார். நிருபர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மச்சான், நான் நாற்பது வரி எழுதினேன். மேல வெட்டிட்டாங்க."

"அந்த நாற்பது வரியைக் காட்டுங்க."

நிருபர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மவுஸைப் பிடித்த கை நகரவில்லை.

"பூட்டை நீங்க எழுதவே இல்ல. அப்படித்தானே?"

"எழுதினா மைதானத்துக்காரங்க இனிமே என்னை உள்ள விட மாட்டாங்க. உங்க பேரைப் போடல இல்ல? அப்புறம் என்ன?"

தங்கையின் கல்யாணத்தன்று இதே ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது சலூன்காரருக்கு நினைவுக்கு வந்தது. எழுந்து படியிறங்கிவிட்டார்.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு படுத்திருந்த தபால்காரருக்குச் சவரம் செய்யப் போனார். ஒரு கன்னம் முடிந்திருந்தது.

"பேப்பர்காரன் எழுதுவான், அவன் புத்தி அது" என்றார் தபால்காரர். "நம்மாள் ஒருத்தன் போய்ப் போட்டுக் கொடுத்திருக்கான் பாரு. அதான் எனக்கு ஆறல."

சலூன்காரர் கத்தியை மடக்கி வைத்தார். "அது நான்தான்."

தபால்காரர் சோப்பு நுரையோடு அவரையே பார்த்தார்.

"பூட்டைத்தான் முதல்ல சொன்னேன். அதை எழுதல."

"குடிச்சதையும் சொன்னியா?"

"கேட்டார். சொன்னேன்."

"உன் தங்கச்சி புருஷன்னு நம்பிட்டியா?"

"ஆமா."

தபால்காரர் நுரை காய்ந்த மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். "மிச்சத்தை வழிச்சு விடு" என்றார். "அடுத்த தடவை நான் வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறேன்."

சலூன்காரர் மறு கன்னத்தையும் ஒரு கீறல் விழாமல் முடித்தார். முகத்தைத் துடைத்துவிட்டு, வழக்கம்போலக் கண்ணாடியைக் காட்டினார். தபால்காரர் அதில் பார்க்கவில்லை.

தெருவில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் போனபடி கை ஆட்டினார். அவருக்கு இன்னும் விஷயம் போய்ச் சேரவில்லை போலிருந்தது. சலூன்காரரும் கையைத் தூக்கினார்.