கண்ணீர் அஞ்சலியில் காலி இடம்

தமிழினிக்கு டிசைன் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு புத்தகம். நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் அப்பா சாமிதுரை வாங்கித் தந்தது. பீங்கான் கம்பெனியில் மூட்டை சுமந்த மனுஷன், உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. மகள் கேட்டாள், வாங்கினார். ஒரு பக்கத்தில் ஒன்றுதான் பேச வேண்டும், மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றது அந்தப் புத்தகம். அன்றைக்குப் பிடித்தது அவளுக்குச் சனியன். ஜங்ஷன் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்ப்பவளுக்கு இந்த ஞானம் எதற்கு? காதுகுத்து பேனர் அடிக்க வருகிறவன் கொஞ்சம் காலி இடம் கண்டால் மச்சான் படத்தை ஒட்டச் சொல்வான். தலையெழுத்தே என்று ஒட்டினாள்.

அப்பா செத்த அன்றைக்கு மட்டும் ஒட்டுவதில்லை என்று இருந்தாள். "கண்ணீர் அஞ்சலி பேனர நம்ம பொண்ணே பண்ணட்டும்" என்று சித்தப்பா பக்கிரிதான் அவளைக் கடைக்கு அனுப்பினார். அழுதுகொண்டே செய்தாள். முழுக்க வெள்ளை, நடுவில் அப்பா முகம், கீழே பெயர். தெருவில் போகிறவர்கள் அந்த முகத்தை ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பின்னாலேயே வந்த சித்தப்பா கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொதித்தார்.

"என்னாம்மா இது, முக்காவாசி சும்மா கெடக்குது?"

"அப்பாவ மட்டும் பாக்கட்டும் சித்தப்பா."

"உங்கப்பன் என்னா அனாதியா? சொந்தபந்தம் அத்தினி பேரையும் போடு. எம் படம் அண்ணன் பக்கத்துல, அதே அளவுக்கு."

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியது கட்சி விழாவில் எடுத்த படம். கழுத்து நிறைய ரோஜா மாலை.

"மாலை வேணாம் சித்தப்பா."

"அதுலதான் நா நல்லா இருக்கறன்."

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, சாவு வீட்டில் பிணம், எங்கேயும் தானே இருக்க வேண்டும் சில ஜென்மங்களுக்கு! சாவு நேரத்தில் சண்டை எதற்கென்று தமிழினி போட்டுத் தொலைத்தாள். அத்தனை தலைகளுக்கும் இடம் விட்டு விட்டு அப்பா முகம் சின்னதாகிப் போனது.

பேனர் தெருமுனையில் ஏறியது. அண்ணன் தம்பியில் யாரோ போய்விட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டுத் திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஆராயி அத்தை, எழுதப் படிக்கத் தெரியாதவள், மாலை போட்ட படத்தைத்தான் பார்த்தாள்.

"ஐயோ பக்கிரி! போயிட்டியே ராசா!"

மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தவள், பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பக்கிரியைக் கண்டு அலறிவிட்டாள். கூட்டம் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்தியது.

சித்தப்பா நேரே தமிழினியிடம் வந்தார்.

"புக்கு படிச்ச பொண்ணுன்னு நம்பினன் பாரு! செத்தவன் யாரு, உசுரோட இருக்கறவன் யாருன்னு காட்டத் தெரியல, நீயெல்லாம் என்னா டிசைனரு?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எங்கப்பா சாவுலகூட எங்கப்பாவப் பாக்க வுடலியே சித்தப்பா!"

"அப்பன் போன துக்கத்துல புள்ள ஏதோ பேசுது, வுடு பக்கிரி" என்றார் ஒரு பெரியவர்.

சித்தப்பாவும் இறங்கி வந்தார். "சரி, அழுவாத. காரியத்துக்கு வேற பேனரு அடிச்சிக்கலாம். அதுல மாலை இல்லாத படமா தரேன்" என்றவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார், "அளவு மட்டும் இதே இருக்கட்டும்."