வாடகையில் சேராதது

நான்காவது கல்லைப் பெயர்த்ததும் கடப்பாரை டங்கென்று எதிலோ முட்டியது. கொத்தனார் குனிந்து மண்ணைத் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இங்கயும் செப்டிக் டேங்க்தான் சாரே. மூடி இதுவரைக்கும் வந்திருக்கு."

திவாகரன் தன் வீட்டு முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஊர் வழக்கப்படி வீட்டு வளவிலேயே அண்ணனை எரிக்க, தெற்கே ஆறடி மண் போதும். ஆனால் கேட்டிலிருந்து கிணற்றடி வரை ஒரு புல் முளைக்க இடம் விடாமல் சாம்பல் நிறக் கல் பாவியிருந்தார். போன வருஷம்தான் கடன் வாங்கிப் பாவியது.

"மோளே, இன்னும் ரெண்டு கல்லு எடுத்துப் பாப்போமா?" என்று அண்ணன் மகளைக் கேட்டார்.

"வேண்டாம் கொச்சச்சா. எடுத்த கல்லைத் திரும்பப் பதிக்கவும் இவரு கூலி கேப்பாரு."

சொன்ன பிறகுதான் அது அச்சன் பேசுகிற பேச்சு என்று பிரசீதாவுக்கு உறைத்தது. விடியற்காலையில் போய்விட்டார். அடுத்த தெருவில், முப்பது வருஷம் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில் கிடக்கிறார்.

திவாகரன் படியில் உட்கார்ந்தார். கையெல்லாம் சிமெண்ட். "எத்தனை ஓணத்துக்குக் கிண்டல் பண்ணியிருக்கேன். சொந்த வீடு இல்லாம செத்தா உன்னை எங்க எரிக்கச் சொல்றே சேட்டா, பஸ் ஸ்டாண்டுலயான்னு. சிரிச்சுக்கிட்டே பாயசம் குடிப்பான். இந்த வீட்டு மதிலு இடிஞ்சு விழுந்தப்போ பணத்துக்கு நான் ஓடினது அவன்கிட்டதான்."

அந்தக் கிண்டல் இன்றைக்குத்தான் பிரசீதாவைக் கடித்தது. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரு பிடி மண் இல்லையா?

சேர்த்தலை கயிறு சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அச்சன் சுகதன். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வீடு கட்டியபோது இவர் அசையவில்லை. தவணையை மட்டும் பார்த்து வீடு கட்டுகிறார்கள், கரையானை யார் பார்க்கிறார்கள் என்பார். ஓடு மாற்றுவது, கிணறு இறைப்பது, மோட்டார், வரி, வெள்ளையடிப்பு என்று விரல் மடக்குவார். "வாடகைக்காரன் மாசம் ஒரு தடவை அழுவான். வீட்டுக்காரன் மழைக்கு மழை அழுவான்." மழை தொடங்கும் ஜூனில் ஊரார் வீட்டுக்குக் கொட்டியதை இவர் அதே ஜூனில் பேங்கில் கொண்டுபோய்ப் போட்டார். சொல்ல எளிது, முப்பது வருஷம் ஒரு ஜூன் தவறாமல் செய்ய எத்தனை பேரால் முடியும்? பிரசீதாவின் அம்மாவுக்கு ஆறு வருஷம் டயாலிசிஸ் நடந்தது. ஒருநாள்கூட அவர் யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

குடியிருந்த வீட்டையும் அவர் கைவிடவில்லை. மே மாதமானால் ஏணி வைத்து ஏறி உத்தரங்களைத் தட்டிப் பார்ப்பார். பாலக்காட்டிலிருந்த வீட்டுக்காரி ரத்னம்மா டீச்சருக்குக் கடிதம் போட்டு, அவர் அனுப்பும் பணத்தில் வேலையை முடித்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார். எழுபது வயதிலும் ஏறினார். பிரசீதா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டுவாள்.

பதினொரு மணிக்கு டீச்சர் வாடகை வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"சீக்கிரம் எடுக்கச் சொல்லத்தான் வந்திருக்கா" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் உடலருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே போய்த் தெற்குப் பக்கம் மாமரத்தடியில் நின்றுகொண்டு பிரசீதாவைக் கூப்பிட்டார்.

"மோளே, இங்கயே சிதையை வை. விறகுக்கு இந்த மாமரத்தை வெட்டிக்கோ. எவன் என்ன சொன்னாலும் கவலைப்படாதே. இது என் வீடு."

காலையிலிருந்து அவள் மனசு ஏங்கியது இதற்குத்தான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அச்சன் சொன்னது வேறு யாருக்கும் தெரியாது.

"இல்ல டீச்சர்." என்றாள் பிரசீதா. "இங்க வேண்டாம், வேற இடம் கிடைக்கலேன்னா நகரசபை சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோகணும்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டாரு. இங்க எரிச்சா அப்புறம் எவனும் குடிவர மாட்டான், வந்தாலும் வாடகையைக் குறைப்பான், வித்தாலும் விலை போகாதுன்னாரு. டீச்சருக்கு அப்படி ஒரு நஷ்டத்தை நான் வைக்கக்கூடாது, நான் குடுத்த வாடகைல அது சேரலைன்னாரு."

டீச்சர் மாமரத்தில் கைவைத்து நின்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

"என் வீட்டைப் பத்தி நான்கூட இவ்வளவு யோசிச்சதில்லடி."

வேலியோரம் நின்ற திவாகரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார்.

"திவாகரா, அரிவாள் இருந்தா சிதைக்கு ஒரு கொப்பு வெட்டு. அதுக்கு யாரும் வாடகையைக் குறைக்க மாட்டாங்க."

மழை தூறத் தொடங்கியபோது ஆம்புலன்ஸ் கிளம்பியது. பிரசீதா பின்கண்ணாடி வழியே பார்த்தாள். பின்னால் வந்த ஆட்டோவில் டீச்சர் மாங்கொப்பை மடியில் குறுக்காக வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இலைகள் நனைந்துகொண்டே வந்தன.